கிள்ளி வாங்கிய தரிசனம்

அக்காவுக்கு இந்தக் கோவில் புதிதில்லை. எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். ஆனால் அம்மன் எப்படி இருப்பாள் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். கால் கடுக்க வரிசையில் நின்று, சன்னதிக்கு முன்னால் வந்ததும் கை தானாகக் குவியும், கண் தானாக மூடும், உதடு ஊரில் உள்ள எல்லாருக்காகவும் வேண்டிக்கொள்ளும். கண்ணைத் திறந்தால் முன்னால் போகிறவரின் முதுகுதான் இருக்கும்.

"இந்தத் தடவை கண்ணு நிறையப் பாத்துடணும்டி. எனக்குக் கண்ணைக் குடுன்னு கேக்கவும் கேக்கணும். இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒண்ணுமே கேட்டதில்ல."

நாங்கள் இருவரும் தையல்கடை வைத்திருக்கிறோம். அவள் வெட்டுவாள், நான் தைப்பேன். அவளுக்கு ஒரு கண் போன வருடமே போய்விட்டது. இன்னொன்றுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். டாக்டர் முயற்சி செய்கிறேன் என்கிறார், அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். எனக்குப் பயத்தில் ராத்திரித் தூக்கம் போய்விட்டது.

எனக்குச் சாமியிடம் கேட்டுப் பழக்கமில்லை. கேட்பதெல்லாம் மனுஷர்களிடம்தான். அத்தான் எனக்கு வைத்திருக்கும் பெயரே இன்ஸ்பெக்டர். வரிசையில் நின்றபோதும் வாய் சும்மா இருக்கவில்லை. கும்பிட்டு முடித்தவர்கள் இரும்புக் கம்பிக்கு அந்தப் பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருவரை நிறுத்தினேன்.

"ஏங்க, அம்மனுக்கு இன்னிக்கு என்ன கலர் சேலை?"

"சேலையா?" என்று யோசித்தார். "சிவப்புன்னு நினைக்கிறேன்."

"பச்சைங்க," என்றார் அவர் மனைவி.

"பூவாத்தான் இருந்துச்சு. சேலை எங்க தெரிஞ்சுது?" என்றார் பின்னால் வந்த ஒரு அம்மா.

நாலாவதாக நான் பிடித்த பெரியவர் முறைத்தார். "சாமி கும்பிட வந்தியாம்மா, சேலை எடுக்க வந்தியா?"

"என் மானத்தை வாங்காதடி," என்று அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு உண்மையிலேயே தெரிந்தாக வேண்டியிருந்தது. கல் சிலைக்குக் கை உடம்போடு ஒட்டி இருக்கும். இடுப்பில் இடைவெளி கிடையாது. கொசுவத்தை எங்கே சொருகுவார்கள்? ஊசி குத்தவும் முடியாதே.

"இடுப்புல கயிறு கட்டி அதுல சொருகுவாங்க," என்றாள் அக்கா.

"கயிறு வழுக்காதா? எண்ணெய் தேச்ச கல்லாச்சே, அக்கா."

"அப்ப மடிப்பை முன்னாடியே வச்சுத் தச்சிருப்பாங்களோ?"

கத்தரிக்கோல் பிடித்த புத்தி, ஒரு துணி கிடைத்தால் போதும், ஆபரேஷனெல்லாம் மறந்துபோகும். இருவரும் வெட்டும் மேஜைக்கு முன்னால் நிற்பதுபோல் வாதாடிக்கொண்டே நகர்ந்தோம். எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

"நீ கண்ணை மூடினா கிள்ளிடுவேன்," என்று சொல்லி வைத்தேன்.

"கத்திடுவேன்டி."

"கத்து. அம்மனும் திரும்பிப் பாப்பா."

உள் வாசலைத் தாண்டியதும் இருட்டு. காலடியில் கல் பிசுபிசுத்தது. அதுவரை ஊர்ந்த வரிசை திடீரென்று ஓட ஆரம்பித்தது. "நகருங்க, நகருங்க" என்று ஒரு கட்டைக் குரல். அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். சன்னதி வந்தது. அர்ச்சகர் கற்பூரத் தட்டை உயர்த்தினார். அக்காவின் கை குவிந்தது, கண் மூடியது.

இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கிள்ளினேன். அவள் கத்தவில்லை. துள்ளிக் கண்ணைத் திறந்தாள். திறந்தது திறந்தபடியே இருந்தது, இமைகூடத் தட்டவில்லை. அப்புறம் யாரோ எங்கள் முதுகில் கை வைத்துத் தள்ள, வெளியே வந்து விழுந்தோம்.

தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்டி. நல்லாப் பாத்தேன்." முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அடுத்த நொடி அப்படியே வாடிப்போனது. "ஐயோ, கேக்க மறந்துட்டேன்."

"என்னக்கா சொல்ற?"

"பாத்துக்கிட்டே நின்னுட்டேன். ஒரு வார்த்தை வரல. வந்ததே அதுக்குத்தானே."

வந்த வழியே திரும்பி ஓடப் பார்த்தாள். வாசலில் நின்ற ஊழியர் குறுக்கே கையை நீட்டினார். "இப்படிப் போகக் கூடாதும்மா. திரும்பவும் முதல்லேருந்துதான் வரணும்." அவள் முட்டி அதைத் தாங்காது. அவளுக்கும் தெரியும். தூணில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதாள்.

"விடுக்கா. நான் கேட்டுட்டேன்."

"நீயா?"

"நீ கண்ணைத் தொறந்ததைப் பாத்தேன். அப்புறம் என் கண்ணு எப்ப மூடிச்சுன்னே தெரியல. எங்க அக்காவுக்குக் கண்ணைக் குடுன்னு கேட்டேன். வேற எதுவும் கேக்கல."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப நீ பாக்கவே இல்லையா? கொசுவத்தைக்கூடவா?"

"எதையும் பாக்கல."

"கூறுகெட்டவளே." என் கையைப் பிடித்து இழுத்து, தூணடியில் உட்கார வைத்தாள். "எங்கேருந்து சொல்லட்டும்?"

"முகத்துலேருந்து சொல்லு. எதையும் விட்டுடாதே."

"மூக்கு நுனியில கல்லு லேசாத் தேஞ்சிருக்குடி," என்று ஆரம்பித்தாள்.