இரண்டு விரல்

அந்த 1954ஆம் வருடம் ஹாலோவே கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி எட்டு ஆட்டம் ஆடி எட்டிலும் மண்ணைக் கவ்வியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சோளக்காட்டுப் பையன்கள். ஆடத் தெரியாதவர்கள் அல்ல, ஆள் போதாதவர்கள். நவம்பரில் பதினாலு பேர்தான் நொண்டாமல் நடந்தார்கள். ஊர் முடிவெட்டும் கடையில் அவர்களைக் கண்டால், "இந்த வாரம் எத்தனை பாயிண்ட்ல தோக்கறதா உத்தேசம்?" என்று மரியாதையாக விசாரிப்பார்கள்.

ஒன்பதாவது ஆட்டம்தான் கடைசி. இரண்டு நிமிடம் பாக்கி, ஹாலோவே 13, எதிரணி 12. பந்தோடு ஓடிய டேல் குசேராவின் தலையில் எவனோ ஒருவனின் முழங்கால் இடித்தது. டேல் விழுந்தான், பந்தை மட்டும் விடவில்லை.

அணியின் வைத்தியர் பொமராய் வாளியோடு ஓடி வந்தார். மயக்கம் தெளிவிக்கும் மருந்துக் குப்பியை அவன் மூக்கில் காட்டி, அதே கையில் குப்பியைப் பிடித்தது போக மிச்சமிருந்த இரண்டு விரலை நீட்டினார்.

"எத்தனை விரல்?"

"ரெண்டு."

"ஆள் கல்லு மாதிரி இருக்கான்!"

அதைப் பக்கத்தில் நின்று கேட்டான் ஆர்விட் டோலஃப்சன். ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் குனிந்து, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் டேலின் கையில் கொடுப்பவன் அவன். டேலின் அறைத்தோழனும் அவன்தான். பொமராய் எப்போதும் இரண்டு விரல்தான் காட்டுவார். போன மாதம் அடிபட்டுக் கண்ணில் பூச்சி பறந்தபோது ஆர்விட்டும் "ரெண்டு" சொல்லித் தப்பியிருந்தான். அன்று அறையில் டேலிடம், "கண்ணை மூடிட்டே ரெண்டுன்னு சொல்லுடா" என்று சொல்லிக்கொடுத்துச் சிரித்தவனும் அவனே.

அடுத்து எப்படி ஆடுவது என்று கேட்க எல்லோரும் வட்டமாகக் குனிந்தார்கள். அந்த வட்டத்தில் டேல் மட்டுமே பேசுவான், அது வழக்கம். டேல் பேசினான்.

"அப்பா எங்கடா உக்காந்திருக்காரு?"

டேலின் அப்பாவைப் புதைத்து ஒரு வருடமாகிறது.

ஆர்விட் எல்லைக் கோட்டுக்கு ஓடினான். "சார், அவனுக்குச் சரியில்ல. வெளிய எடுங்க."

"ரெண்டுன்னு சரியாச் சொன்னானே!" என்றார் பொமராய்.

"நாங்க எல்லாருமே ரெண்டுன்னுதான் சொல்லுவோம் சார்! நீங்க எப்பவும் ரெண்டுதானே காட்டறீங்க!"

பொமராயின் முகம் கறுத்தது. பயிற்சியாளர் ஹார்லன் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே எடுத்தால் ஆட்டத்தின் அந்தக் கடைசிக் கால்பகுதியில் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். மாற்று ஆளோ தோள் எலும்பு முறிந்து பெஞ்சில் கிடந்தான்.

"ரெண்டு நிமிஷம்டா ஆர்விட். போ."

நடுவர் ஊதினார். அவன் போனான். இருபது வயதில் அவன் எந்தப் பெரியவரையும் எதிர்த்துப் பழகியிருக்கவில்லை. சொன்னதைச் செய்தே வளர்ந்தவன்.

டேலின் காதில், "வாங்கின உடனே முட்டி போட்டுடு. அவ்வளவுதான். முட்டி தரையில பட்டா அந்த முறை முடிஞ்சுது, யாரும் தொட மாட்டாங்க, நேரம் மட்டும் ஓடிடும்" என்றான். டேல் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். ஆர்விட் பந்தைக் கொடுத்தான், டேல் முட்டி போட்டான். இரண்டாம் தடவையும் போட்டான். ஆர்விட்டுக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் தடவை கூட்டம் ஓவென்று கத்தியது. கொடுக்காமலே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். கை பழக்கத்தில் கொடுத்துவிட்டது. டேல் முட்டி போடவில்லை. பந்தைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று, பார்வையாளர்களின் மேல்வரிசையில் யாரையோ தேடினான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து மோதினார்கள்.

ஹாலோவே ஜெயித்தது. தேவாலய மணியை அடித்துத் தீர்த்தார்கள்.

மறுநாள் ஞாயிறு காலை ஆஸ்பத்திரியில் டேல் கண் விழித்திருந்தான். அவன் அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பார்க்க வந்த ஆர்விட்டை அவனுக்கு அடையாளம் தெரிந்த மாதிரிதான் இருந்தது. டாக்டர் ஐந்து விரலையும் விரித்து அவன் முகத்துக்கு நேரே காட்டினார்.

"ரெண்டு" என்றான் டேல்.

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் ஆர்விட்டைப் பார்த்துச் சிரித்தான்.