முன்னே போன பை

மானிப்பாயிலிருந்து பலாலிக்கு ஓட்டோவில் அரை மணி நேரம். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். கொழும்புக்கு றெயினில் போவதென்றால் ஒரு பகலே போய்விடும். சென்னை பக்கத்து ஊர் மாதிரித்தான் என்று குணலட்சுமி காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள். இப்போது அந்தச் சென்னை எட்டாத தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் பக்கத்து வீட்டு ஆழ்வாப்பிள்ளையின் முன்கதவில் தொங்கிய ஆமைப்பூட்டைப் பார்த்தபடி நின்றாள்.

சென்னையில் படிக்கும் மகள் சாருஜாவுக்கு இன்று பின்னேரம் இருதய ஒப்பறேசன். "உள்ளுக்குக் கொண்டுபோக முதல் வந்திடுவியளோ அம்மா?" என்று கேட்டவளுக்கு ஓம் சொல்லியாயிற்று. இன்றைய விமானத்தை விட்டால் அடுத்தது நாளைக்குத்தான்.

ஆடி அமாவாசையான இன்று பயணம் தொடங்குவது சரியில்லை என்று, வெள்ளிக்கிழமையே நல்ல நேரம் பார்த்து ஒரு பையைக் கொண்டுவந்து இந்த வீட்டில் வைத்திருந்தாள். பை வெளிக்கிட்டால் ஆளும் புறப்பட்ட கணக்கு. வெறும் சீலை போதாதென்று பாஸ்போட்டையும் அதற்குள் வைத்தாள். அது இல்லாமல் என்ன பயணம்?

ஆழ்வாப்பிள்ளையோ தகப்பனுக்குத் தர்ப்பணம் கொடுக்க விடியவே கீரிமலைக்குப் போய்விட்டார். தனி மனிதர், வீட்டில் வேறு யாருமில்லை.

"திரும்பப் போன் அடியுங்கோ," என்றாள் கணவனிடம்.

மார்க்கண்டு அடித்தார். பூட்டிய வீட்டுக்குள் போன் மணி கேட்டது.

"கேணியிலை முழுகப் போறவர் போனோடை போவாரோ? பாஸ்போட் வைக்க உமக்கு வேறை இடம் கிடைக்கேல்லையே?"

"நாள் சரியில்லையெண்டு ஒற்றைக்காலிலை நிண்டது ஆர்?"

"நான் சீலையைத்தானே வைக்கச் சொன்னனான்!"

அவள் போய் அலவாங்கைத் தூக்கி வந்து அவர் கையில் கொடுத்தாள். இரண்டாம் நெம்பில் பூட்டுத் தெறித்தது. உள்ளே சாமிப் படத்தின் முன் பை வைத்த ஸ்ரூல் இருந்தது. பை இல்லை.

குணலட்சுமி குனிந்து ஸ்ரூலுக்குக் கீழும் பார்த்தாள்.

"அவர்தான் கொண்டுபோயிட்டார். கீரிமலைக்கு விடுவம்," என்றபடி மார்க்கண்டு தன் ஓட்டோவை நோக்கி நடந்தார்.

"அந்தச் சனத்துக்குள்ளை ஆரைத் தேடுறது?" வெள்ளிக்கிழமை ஆழ்வாப்பிள்ளை பையை வாங்கி, பலாலி இருக்கும் வடக்குப் பக்கமாகத் திருப்பி வைத்தது நினைவுக்கு வந்தது. இனி அது பின்னுக்கு வரக்கூடாது என்றும் சொன்னார். "பலாலிக்கு விடுங்கோ."

"பிளேன் ஏறுறதைப் பார்க்கவோ?"

"விடுங்கோ எண்டுறன்!"

தெல்லிப்பழை தாண்டும்போது சென்னையிலிருந்து வந்த விமானம் பனைகளுக்கு மேலாகத் தாழ்ந்து இறங்கியது. அதுதான் திரும்பிப் போகும் விமானமும். அவள் ஓட்டோக் கம்பியை இறுகப் பிடித்தாள். சாருஜாவின் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை, எடுத்து என்ன சொல்வது?

விமான நிலைய வாசலில் ஈர வேட்டியோடு ஆழ்வாப்பிள்ளை நின்றார். நெற்றியில் திருநீறு, நெஞ்சோடு பை.

"என்ன பிள்ளை, இவ்வளவு நேரம்? வெளிக்கிட்ட பையைத் திருப்பிக் கொண்டுவரப்படாதெல்லே. கீரிமலையிலையிருந்து இது கிட்ட, முன்னுக்குக் கொண்டுவந்திட்டன்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அண்ணை!"

"உங்கடை வீட்டிலை லைற் எரியேல்லை. பயணக்காரரை நித்திரையிலை எழுப்புறதே?"

பாஸ்போட்டைத் தடவிப் பார்த்தாள். இருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண், "சென்னைக்கோ? கெதியா வாங்கோ, மூடப்போறம்!" என்று கூப்பிட்டாள்.

ஓடிக்கொண்டே மகளை அழைத்தாள். "வெளிக்கிட்டிட்டன், ராசாத்தி."

பின்னால் மார்க்கண்டுவின் குரல் இழுத்தது. "அண்ணை... உங்கடை முன்கதவுப் பூட்டு..."

குணலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை.