தாழ்ப்பாளின் உயரம்

1

இந்தக் கதை என் சேலையில் கொட்டிய காபியில் தொடங்கியது. உடன்குடிக்கும் மணப்பாட்டுக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போயிருந்தேன். (ஒரு சால்வையோடு வேலை முடிந்துவிடும் என்பதால்தான் எழுத்தாளர்களைக் கூப்பிடுகிறார்கள்.) சேலை மாற்ற ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார்கள். கதவைச் சாத்தினால் உள்ளே தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள். அவற்றில் பிள்ளைகள் பென்சிலை விட்டு ஒடித்திருந்தார்கள். ஒரு டீச்சர் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஏன் இல்லை என்று உள்ளிருந்தே கேட்டேன். "கழத்திட்டாங்கம்மா" என்றார்.

அவர் அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மீதியெல்லாம் நான் கட்டியது. ஆகவே இனி வரும் பள்ளிக்கூடம் அந்தப் பள்ளிக்கூடம் அல்ல.

2

"மூன்று பேர் ஒரே பைக்கில் வந்தார்கள். நடுவில் இருந்தவன் சட்டைக்குள் அரிவாள் —"

வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதை என்றால் அரிவாளோடுதான் தொடங்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்ட மாதிரி எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. அந்த மூன்று பேருக்கும் இந்தக் கதையில் பெயர் கிடையாது. பஸ்ஸில் உட்கார இடம் பிடித்த தகராறு, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தார்கள், அது போதும்.*

* வெறும் இடத்துக்காகவா என்று கேட்பீர்கள். இல்லை. எதற்காக என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2 (மறுபடியும்)

ஈவாஞ்சலின் நாசரேத்துக்காரி. பள்ளிக்கூடங்களுக்கு வரைபடம் போடுகிற எஞ்சினியர். இனி ஒருத்தனும் உள்ளே நுழையாதபடி கட்டடத்தை மாற்றித் தாருங்கள் என்று நிர்வாகம் அவளைக் கூப்பிட்டிருந்தது. மதிலை உயர்த்தலாம், மேலே கண்ணாடிச் சில்லு பதிக்கலாம், கேமரா வைக்கலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவள் டேப்பை எடுத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். ஆறாம் வகுப்பில் தொடங்குகிற பள்ளிக்கூடம், எட்டு வகுப்பறை, எட்டுக் கதவு. ஒன்றில்கூட உள்தாழ்ப்பாள் இல்லை. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த மூன்று பேர் வந்த அன்றைக்கு எட்டாம் வகுப்பில் இருந்தவர் கணக்கு டீச்சர் சண்முகத்தாய். ஏரல் பக்கத்தில் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். பிள்ளைகளைப் பின்சுவர் ஓரம் உட்காரவைத்துவிட்டு, பூட்ட வழியில்லாத கதவை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வெளியே இருந்து உதைத்திருக்கிறார்கள். ஊர் திரண்டு வருவதற்குள் கதவுக்கும் நிலைக்கும் நடுவே அவர் விரல்கள் நசுங்கிவிட்டன. பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. டீச்சருக்கு வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது. நாலு மாதமாக விடுப்பு. ராஜினாமாக் கடிதம் எழுதி மடித்து வைத்திருந்தார், கொடுக்கவில்லை.

"உள்பக்கம் ஒரு தாப்பா போட்டுத் தாங்க, நான் வாரேன். கையால கதவப் பிடிக்க இனி என்னால ஏலாது."

3

தலைமையாசிரியர் செல்வதுரையை நான் முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். தாழ்ப்பாள்களைக் கழற்றியது அவர்தான். முதல் படியில் அவருக்கு ஒரு தொந்தியும் அதட்டல் குரலும் கொடுத்திருந்தேன். இப்போது இரண்டையும் எடுத்துவிட்டேன்.

ஈவாஞ்சலின் வரைபடத்தை அவர் மேசையில் விரித்தாள். அவர் மதிலைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார். தாழ்ப்பாள் வேண்டாம், இருந்ததைக் கழற்றியதே நான்தான் என்றார். டீச்சரின் விரல் போனது உங்களால்தான் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவர் எழுந்து பீரோவைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே எட்டுத் தாழ்ப்பாள்கள்.

அவர் இதற்கு முன் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைத் தாழிட்டிருக்கிறான். அவருக்குத் தெரிய வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கதவில் மேலே ஒரே ஒரு தாழ்ப்பாள்.

"குதிச்சுக் குதிச்சுப் பாத்திருக்கு பிள்ளை. எட்டலைம்மா அவளுக்கு."

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் சனிக்கிழமையே அவர் திருப்புளியோடு ஒவ்வொரு வகுப்பாகப் போயிருக்கிறார். நல்லதைத்தான் செய்தார். அதனால்தான் சண்முகத்தாய் டீச்சரின் விரலும் போயிற்று.

இந்த இடத்தில் நான்கு நாள் எழுதவில்லை. பள்ளிக்கூடம் வரைகிறவர் இரண்டு பேரை மனத்தில் வைத்து வரைய வேண்டியிருக்கிறது: வெளியே இருந்து வருகிறவன், ஏற்கெனவே உள்ளே இருக்கிறவன். முதல் ஆளுக்குப் போடுகிற தாழ்ப்பாள் இரண்டாம் ஆளுக்கு உதவி. மதில் கட்டச் சொல்கிறவர்கள் முதல் ஆளைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். (இதைக் கட்டுரையாக எழுதியிருக்கலாம். ஆனால் செல்வதுரை சாரின் துணிப்பை அதில் வராது.)

4

ஈவாஞ்சலின் கதவில் கண்ணாடிச் சட்டம் வரைந்தாள். உள்ளே நடப்பது வெளியே தெரியட்டும் என்று. சண்முகத்தாய் போனிலேயே அதை உடைத்துவிட்டார். "நாம பாத்தா அவனும் பாப்பாம்லா?"

வெளியே இருந்து சாவி போட்டுத் திறக்கிற பூட்டு வரைந்தாள். சாவி தலைமையாசிரியரிடம் இருக்கட்டும் என்றாள். செல்வதுரை கும்பிடு போட்டார். "நான் நல்லவன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அவள் அந்தத் தாளையும் கிழித்தாள்.

எட்டலை என்ற சொல் மட்டும் அவளை விடவில்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடத்திலேயே குள்ளமான பிள்ளை யார் என்று கேட்டாள். ஆறாம் வகுப்புப் பேச்சிச்செல்வியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குள்ளம் என்று சொல்லி அழைத்துவந்ததில் அவளுக்கு வருத்தம், கன்னம் உப்பியிருந்தது. கையைத் தூக்காமல் சும்மா நீட்டச் சொன்னாள் ஈவாஞ்சலின். நீட்டிய உயரத்தைக் கதவில் பென்சிலால் குறித்தாள். இரண்டே முக்கால் அடி.

அங்கேதான் தாழ்ப்பாள். விரலால் பிடித்து இழுக்க வேண்டியதில்லை, உள்ளங்கையால் தள்ளினால் போதும். டீச்சரால் போட முடியும். எந்தப் பிள்ளையாலும் திறக்க முடியும். இந்த ஒன்றுக்குச் செல்வதுரை தலையாட்டினார்.

(எந்தப் பிள்ளையாலும் திறக்க முடிந்தால், யார் கூப்பிட்டாலும் திறந்துவிடாதா? ஆமாம். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.)

5

முடிவுகள்.

(அ) அந்த மூன்று பேரும் திரும்ப வரவே இல்லை. உப்புக் காற்றில் தாழ்ப்பாள் துருப்பிடிக்கிறது. இதுதான் நடக்கும், நடக்கட்டும். ஆனால் இதைக் கதை என்று யாரும் அச்சிட மாட்டார்கள்.

(ஆ) திரும்ப வருகிறார்கள், தாழ்ப்பாள் —

இல்லை. என் தாழ்ப்பாள் நல்ல தாழ்ப்பாள் என்று காட்டுவதற்காக அந்தப் பிள்ளைகளை இன்னொரு முறை பயமுறுத்த மாட்டேன்.

(இ) திங்கட்கிழமை சண்முகத்தாய் டீச்சர் வந்துவிட்டார். ராஜினாமாக் கடிதம் கைப்பையில் இன்னும் இருக்கிறது. கிழிப்பதா கொடுப்பதா என்று சாயங்காலம் முடிவு செய்வார். முதல் ஒத்திகை ஆறாம் வகுப்பில். மடங்காத விரல்களை விரித்து, உள்ளங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளிக் காட்டினார்.

"மணி மூணு மட்டம், டண் டண் டண்ணு, அடிக்கிற வரைக்கும் வெளிய இருந்து யாரு கூப்பிட்டாலும் தொறக்காண்டாம். உள்ள இருக்கவங்களால பயம்னா யாரையும் கேக்காண்டாம், தொறந்து ஓடிரணும். அது நானா இருந்தாலும் சரி."

பிறகு பேச்சிச்செல்வியைத் தாழ்ப்பாள் பக்கத்தில் நிறுத்தினார்.

வெளியே ஈவாஞ்சலின் வராந்தாத் தூண் ஓரம் நின்றாள். செல்வதுரை வந்து கதவைத் தட்டினார்.

"ஏ பிள்ளைகளா, நான்தான், ஹெச்.எம்.மு. தொறங்க."

அந்தக் குரலுக்கு எழுந்து நின்றே பழகிய பிள்ளைகள். உள்ளே ஒரு பெஞ்சு நகர்ந்தது. அவர் மறுபடி தட்டினார், இந்த முறை அதட்டி. ஈவாஞ்சலின் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தன் பள்ளிக்கூடத்தில் தன் குரலுக்கு ஒரு கதவு திறந்துவிடக் கூடாது என்று அந்த மனிதர் வேண்டிக்கொண்டிருந்தார்.

6

உள்ளே பேச்சிச்செல்வியின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டுமானால் நானும் போய்க் கதவைத் தட்ட வேண்டும். நான் தட்ட மாட்டேன். ஒரு முறை எனக்காக ஒரு டீச்சர் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் வெளியிலேயே நிற்கிறேன். உள்ளே இருப்பது நீங்கள்தான். தாழ்ப்பாளைக் கை எட்டுகிற உயரத்தில்தான் வைத்திருக்கிறது. யார் கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டாலும், மணி மூன்று முறை அடிக்கும் வரை பதில் சொல்லாதீர்கள்.