கொசுவம் வைத்த கரை

டெய்லருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து கடைச் சாவி மனைவியின் இடுப்பில்தான் இருந்தது. மெஷினை மிதிக்கக் கால் தாங்கும் என்று டாக்டரே சொல்லியும் அவள் மசியவில்லை. கடைசியில் நச்சரிப்பு தாங்காமல் ஒரு நிபந்தனை போட்டாள்.

"கலங்கரை விளக்கத்துலேருந்து துறைமுகம் வரைக்கும், அந்தப் பாறைப் பாதையை ஒரே நாள்ல நடந்து வாங்க. அப்புறம் சாவியைப் பத்திப் பேசலாம்."

மனுஷனுக்கு வீம்புக்குக் குறைச்சலே இல்லை. வரைபடத்தை மேஜையில் விரித்து, இஞ்ச் டேப்பை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துப் பிடித்து, "மத்தியானச் சாப்பாட்டுக்குத் துறைமுகம்" என்று தீர்ப்பு சொன்னார். துணைக்குத் தன் சகலையை, மனைவியின் தங்கை கணவரான பேக்கரிக்காரரை, இழுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது மனைவி ஒரு துணி முடிச்சைப் பையில் வைத்தாள். "முடியவே முடியலைன்னா மட்டும் பிரிங்க."

மாத்திரையும் கட்டுத்துணியுமாக இருக்கும், அதைத் தொடுவேனா என்று டெய்லர் நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கு வெயிலும் காற்றும் அவ்வளவு அழகு. பாறை முனையில் ஏறி இறங்கினால், கடல் உள்ளே புகுந்த ஒரு வளைவு. அதைச் சுற்றி வந்தால் அடுத்த முனை. கீழே அலை தெறித்து உதடெல்லாம் உப்புக் கரித்தது. இத்தனை நாள் கட்டிலில் கிடந்த மனிதருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. யாரும் கேட்காமலே பாடினார். சகலை காதைப் பொத்திக்கொண்டு நடந்தார். ரொட்டியெல்லாம் தீர்ந்தது, உச்சி வெயிலும் சாய்ந்தது. துறைமுகத்தைத்தான் காணோம்.

"எப்படி அளந்தீங்க சகல?"

"நேராத்தான். டேப்பை இழுத்துப் பிடிச்சு."

பேக்கரிக்காரர் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். "பாவாடைக்குத் துணி அளந்தா கொசுவத்துக்குச் சேர்த்து விடுவீங்கல்ல? இந்தக் கரை பூரா கொசுவம்தானே."

டெய்லர் திரும்பிப் பார்த்தார். மடிப்பு மடிப்பாகக் கரை கண்ணுக்கெட்டிய தூரம் போனது. காலமெல்லாம் கொசுவம் வைத்துத் தைத்தவருக்கு இது தோன்றவில்லை. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு செங்குத்தான இறக்கம் வந்தது. முழங்கால் சுருக்கென்று பிடித்துக்கொண்டது.

"பேசாம முடிச்சைப் பிரிச்சிடுங்க."

"பிரிச்சா கடை போச்சு" என்றார் டெய்லர். உட்கார்ந்தபடியே நழுவி நழுவி இறங்கினார். கால்சட்டையின் பின்பக்கம் சர்ரென்று கிழிந்தது. சகலை மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.

பொழுது சாயும் நேரத்தில் துறைமுகம் வந்தது. மனைவி சுவரில் உட்கார்ந்திருந்தாள். முதலில் காலைப் பார்த்தாள், அப்புறம் கிழிசலைப் பார்த்தாள். டெய்லர் முடிச்சை எடுத்து நீட்டினார்.

"தொடவே இல்ல, பாத்துக்க."

"இப்பப் பிரிங்க."

உள்ளே நாலு மடிப்புத் துணிக்குள் கடைச் சாவி இருந்தது.

"முடியலைன்னாதானே பிரிக்கச் சொன்ன?"

"ஆமா. நடுவழியில உட்கார்ந்துட்டா, கடையும் போச்சேன்னு நீங்க உடைஞ்சு போயிடக் கூடாதுல்ல."

காலையிலிருந்து சாவியைத் தானேதான் சுமந்து வந்திருக்கிறார். டெய்லர் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் கடையைத் திறந்ததும் முதல் வேலையா அந்தக் கால்சட்டையைத் தைங்க" என்றாள் அவள்.