கேப்டனுக்குள் தங்கிய கை

கயிற்றுப் பாலம் அறுந்து விழும் காட்சியை எடுத்து முடித்தபோது, பொம்மைக்காரியின் வலது கை மணிக்கட்டோடு கழன்று கேப்டனுக்குள்ளேயே தங்கிவிட்டது. ரத்தம் இல்லை, வலி இல்லை. அன்று மதியச் சாப்பாடு கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான். கேப்டன் என்பது எலி. பஞ்சும் ரோமமும் வைத்துத் தைத்த, ஒற்றைக் கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிய மாலுமி எலி. பொம்மைகளை வைத்தே எடுத்த அந்தச் சாகசப் படத்தின் கதாநாயகன். உயர்த்திக் கட்டிய மேடைக்கு அடியில் மல்லாந்து படுத்து, எலியின் தலைக்குள் கையை நீட்டி, கேமராவில் விழுவதைக் காட்டும் பக்கத்து டி.வி.யைப் பார்த்தபடி அவள்தான் அதை ஆட்டிவந்தாள். இப்போது அவள் இல்லாமலேயே அது வாயசைத்தது. டைரக்டரைப் பார்த்து முறைத்தது.

சோப்பு நுரை, எண்ணெய், எலும்பு டாக்டர், எல்லாம் பார்த்தாயிற்று. கையை உருவப் போனவர்களை எலி கடித்தது. அவளைக் கடிக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை. அப்பா இல்லாத வீட்டில் மகளுக்குத் தலை பின்ன ஆளில்லாமல் போயிற்று. விரித்த தலையோடு பள்ளிக்குக் கிளம்பியவள் வாசலில் திரும்பி, "உன் கை எப்பம்மா வீட்டுக்கு வரும்?" என்று கேட்டாள். பாக்கி இருந்தது ஒரே காட்சி. கேப்டன் எரிமலைக்குள் விழுந்து சாகிறான். நிஜ நெருப்பு.

"அண்ணே, மாத்து எலிய எரிங்க. அச்சு அசல் அதே மூஞ்சிதான்."

"அது வெறும் பஞ்சும்மா. இதுலதான் உயிர் இருக்கு," என்றார் டைரக்டர்.

"என் கைண்ணே அது!"

"தெரியுதும்மா. அதான் இவ்ளோ நல்லா நடிக்குது."

காலில் விழுந்தும் வேலையாகவில்லை. திருட்டுத்தனம்தான் மிச்சம். எரிமலை விளிம்பில் புகை சூழும் கணத்தில், ஒளித்து வைத்த மாற்று எலியைப் பக்கத்தில் நிறுத்தி அதைத் தள்ளிவிடுவது, கேப்டனைக் கீழே இழுத்துக்கொள்வது. மேடைக்கு அடியில் இருப்பவர்களுக்கு டி.வி.யில் வலதாகத் தெரிவது நிஜத்தில் இடது. அந்தக் கணக்கு அவள் உடம்பில் ஊறியிருந்தது. ஆனால் அவளை அக்கா என்று உருகும் கேமரா உதவியாளன், ஒற்றைக் கையோடு கஷ்டப்படுகிறாளே என்று அன்று டி.வி.யில் தெரியும் படத்தைக் கண்ணாடி போல இடவலமாகத் திருப்பி வைத்திருந்தான். சொல்ல மறந்துவிட்டான். புகைக்குள் கேப்டன் தானாக நகர்ந்துவிட்டான்; டி.வி.யில் வலப்பக்க எலி வாயசைத்தது. பழைய கணக்குப்படி தன் இடப்பக்கத்து எலியை இழுத்து மார்போடு அணைத்தாள்; மற்றதை மொட்டை மணிக்கட்டால் தள்ளினாள். அணைத்தது ஜில்லென்று பஞ்சாகக் கிடந்தது.

மேலே கேப்டன் எரிந்தான். விழும்போது அவன் வாய் அகலத் திறந்து திறந்து மூடுவதைப் படம் பார்த்தவர்கள் இன்றும் சிலாகிக்கிறார்கள். அவளுடைய விரல்கள் அவளைக் கூப்பிட்டன. அவள் போட்ட அலறலும் படத்தில் இருக்கிறது, எரிமலைச் சத்தத்தோடு கலந்து.

மறுநாள் காலை, மகளின் தலைமுடி தானாக மூன்றாகப் பிரிந்தது. கை எதுவும் தெரியவில்லை. கருகிய ரோம வாசம் மட்டும்.

"மெதுவாம்மா, வலிக்குது," என்றாள் மகள்.

பின்னல் கொஞ்சம் தளர்ந்தது. பொம்மைக்காரி இடக்கையால் ரிப்பனை எடுத்து நீட்டினாள். அது வாங்கிக்கொண்டது.