பென்சிலில் எழுதிய பெயர்

ஜெபமாலையைத் தேடித்தான் பிரிஸ்கில்லா அம்மாவின் கைப்பையைக் கட்டில்மேல் கவிழ்த்தாள். தலைவலித் தைலம், பல் உடைந்த சீப்பு, மடித்த பஸ் டிக்கெட்டுகள், கடைசியாக நீல அட்டை நோட்டு. பென்சில், பேனா, கட்டைவிரல் நுனியளவு தேய்ந்த அழிரப்பர் மூன்றையும் நோட்டோடு சேர்த்து நூலால் கட்டியிருந்தது. ஜெபமாலை உள்ளேதான் இருந்தது, சனிக்கிழமைப் பக்கத்துக்கு அடையாளமாக.

கூடத்தில் அம்மா வெரோனிகா கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். நேற்று விடிகாலையில் பால் காய்ச்சும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இன்று நாலு மணிக்குக் கோயிலுக்கு எடுக்க வேண்டும்.

அம்மாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிவிட்டுத் திரும்பியவளை அமிர்தவல்லி ஓரமாக இழுத்தாள். தெருப் பெண்களை ஒரு வீட்டில் கூட்டி, 'பார்ட்டி' என்று சாமான் காட்டி ஆர்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் அம்மாவுக்கு மேலே இருப்பவள்.

"பாப்பா, தப்பா நெனச்சிக்காத. இன்னிக்கி அஞ்சு மணியோட மாசம் முடியுது. சனிக்கெழம நடந்த ஹாஜிரா வூட்டு பார்ட்டி ஆர்டர் இன்னும் வரல."

"எங்கம்மா அங்க படுத்துனு இருக்காங்க. உங்களுக்கு டப்பா கேக்குதா?"

"நோட்டக் குடு ஒருவாட்டி." அமிர்தவல்லி விரல் வைத்து எண்ணினாள். "முப்பத்தொண்ணு! ஒரே பார்ட்டியில முப்பது தாண்டினா லீடர் பேட்ஜ். பதினோரு வருசமா உங்கம்மா தொடாதது பாப்பா. இப்படியே அனுப்பிட்டா வந்துரும்."

"செத்தவங்க எங்க குத்திக்குவாங்க?"

"போட்டோவுல மாட்டலாம்," என்றாள் அமிர்தவல்லி. கேலி இல்லை. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அம்மா ஏன் தொடவில்லை என்று பிரிஸ்கில்லாவுக்குத் தெரியும். பார்ட்டியில் சொல்கிற ஆர்டரை அம்மா பென்சிலால் எழுதுவாள். மூன்றாம் நாள் ஒவ்வொரு வீடாக நடந்து போய், தனியாகக் கேட்டுவிட்டு, பேனாவால் எழுதுவாள். "பத்து பேரு எதிர்ல வேணும்னுதான் சொல்லுவாளுங்க. அதப் புடிச்சிக்கக் கூடாது," என்பாள். இருபத்தெட்டு பீஸ் பென்சிலில் ஏறினால் பேனாவில் பதினைந்து தேறும். அந்த வீட்டிலேயே முதன்முதலாக டிகிரி வாங்கிய பிரிஸ்கில்லாவுக்கு இதைப் பார்த்துப் பற்றிக்கொண்டு வரும். வெயிலில் நடந்து நடந்து தன் லாபத்தைத் தானே அழித்துவிட்டு வருகிற பைத்தியக்காரத்தனம்.

அதைவிட எரிச்சல், எல்லாப் பக்கத்திலும் முதல் வரி அம்மாவின் பெயர்தான். *வெரோனிகா, ஹாட் பாக்ஸ் சின்னது, ரோஸ் கலர்.* மூன்றாம் நாள் முதலில் அழிவதும் அதுதான்.

"இது நாடகம்மா. ஏமாத்து வேல," என்று ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள்.

"மொதப் பேரு குடுக்கத்தான் எல்லாருக்கும் கூச்சம்டி. எம்பேரப் பாத்தா அடுத்தவளுக்கு வாய் வரும்."

"அப்ப நெசமாவே வாங்கேன்."

"எனக்கு இன்னாத்துக்கு? எவர்சில்வர் தூக்கு இருக்குது."

சனிக்கிழமைப் பக்கத்தில் மேனகாவின் பெயருக்கு நேரே ஏழு டப்பா செட். மேனகாவின் புருஷனைச் சேதராப்பட்டு கம்பெனியில் வேலையைவிட்டு நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. தெருவுக்கே தெரியும். பார்ட்டியில் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏழு டப்பாவுக்கு அதுதான் காரணம்.

அனுப்பாமல் விட்டுவிடலாம். ஆனால் ஹாஜிராவின் மகள் அடுத்த வாரம் புகுந்த வீட்டுக்குப் போகிறாள், அவளுக்குச் சாமான் வேண்டும். அப்படியே அனுப்பினால் பதினோரு வருஷ நடைக்கு ஒரு பேட்ஜ். துக்க வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. அம்மாவுக்கு அதுகூட இந்த ஊர் தரக்கூடாதா? பேருக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்படியே எழுதிவிடலாம் என்று பிரிஸ்கில்லா பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு எழுந்தாள்.

மேனகா சமையலறையில் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து யாரும் சொல்லாமலே கழுவிக்கொண்டிருந்தாள். நோட்டைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்தாள்.

"அப்படியே இருக்கட்டும் பாப்பா. அக்கா கையால எழுதனத இப்ப வேணாம்னு சொல்ல நாக்கு வருமா?"

பிரிஸ்கில்லா மூடியைப் பேனாவில் திரும்ப மாட்டினாள். அம்மா இப்படிக் கேட்கும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டாள், நோட்டையே பார்ப்பாள். பிரிஸ்கில்லாவும் நோட்டைப் பார்த்தாள்.

"செவ்வாக்கெழம ஆச்சு. அம்மா கேக்கற மாதிரி கேக்கறேன். இதுல எது வேணும்கா?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மேனகா அதை நிறுத்தவில்லை.

"ஒரு தண்ணி பாட்டில்," என்றாள். "சின்னவனுக்கு."

பென்சில் எழுத்து எளிதில் போனது. அம்மா எப்போதும் அழுத்தாமல்தான் எழுதியிருக்கிறாள்.

பிறகு பந்தலுக்கு வெளியே ஒருத்தி, கொல்லைப்பக்கம் ஒருத்தி. சிலர் வேண்டாம் என்று தலையசைத்தார்கள். தையல்நாயகி மட்டும், "எனக்கு மெய்யாலுமே வேணும்டி, அழிச்சியோ பாரு," என்று மூக்கைச் சிந்தியபடி அதட்டினாள். ஹாஜிரா, "மவளுக்கு எழுதனது மட்டும் இருக்கட்டும்மா. எனக்குன்னு சொன்னதெல்லாம் சும்மா, கூட்டம் நடத்துற வூட்டுக்காரி சொல்லலன்னா நல்லா இருக்காதுன்னு," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்கக் கேட்கப் பேனாவால் எழுதிக்கொண்டே வந்தாள். பார்ட்டிக்கு வந்த அத்தனை பேரும் இந்த வீட்டில்தான் இருந்தார்கள். அம்மா வீடு வீடாக நடந்தது போய், இன்று வீடுகள் எல்லாம் நடந்து வந்திருந்தன.

அமிர்தவல்லி எட்டிப் பார்த்தாள். "பத்தொம்போது," என்றாள்.

கோயில் வண்டி வந்து நின்றது. ஆண்கள் செருப்பைத் தேடினார்கள். "பிரிஸ்கி, பொட்டி மூடப் போறாங்க, வாம்மா," என்று அப்பா வாசலிலிருந்து கூப்பிட்டார்.

முதல் வரி மட்டும் பாக்கி, அம்மாவின் ரோஸ் கலர் ஹாட் பாக்ஸ். மற்ற பக்கங்களில் அந்த இடத்தில் காகிதம் அழித்து அழித்துப் பஞ்சாகிக் கிடக்கும். இந்தப் பக்கத்தில் அது இன்னும் வழவழப்பாக இருந்தது. அழிரப்பரை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். அம்மாவின் எழுத்தின்மேலேயே, அந்த வளைவுகள் தப்பாமல், மெதுவாகப் பேனாவை ஓட்டினாள்.

அமிர்தவல்லி தயங்கினாள். "பாப்பா... இத யாருக்கு டெலிவரி குடுக்கறது?"

"எங்க வூட்டுக்குத்தான்."

அப்பா மறுபடி கூப்பிட்டார். "தோ வரேம்பா," என்றாள். மை காயும்வரை நோட்டை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.