மாத்தி வெச்சாச்சு

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எலப்புள்ளியில் இருக்கும் அந்த மாட்டுத்தீவனத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது எலிவேட்டர்தான். நாலு மாடி உயரத்துக்கு ஒரு தகரக் கூண்டு, அதற்குள் ஓயாமல் ஓடுகிற பட்டை, பட்டை முழுக்க வாளிகள். அடியில் கொட்டுகிற பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் வாளி வாளியாக அள்ளி உச்சிக்குக் கொண்டுபோய்க் கவிழ்க்கும். இத்தனையையும் இழுப்பது உச்சியில் குந்தியிருக்கும் ஒரு கியர்பாக்ஸ். வாளியைப் பார்க்கிறவர்கள் உண்டு, பட்டையைப் பார்க்கிறவர்கள் உண்டு, கியர்பாக்ஸை நினைக்கிறவர் யாரும் கிடையாது. அதை யாரும் நினைக்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வதுதான் கிருத்திகாவின் வேலை.

கிருத்திகா பக்கத்துப் பெருமாட்டி ஊர்க்காரி. அங்கே மெயின்டனன்ஸ் பொறுப்பு அவளுடையது. டிப்ளமா படித்துவிட்டு வந்தவளை ஆபீஸில் விசிறிக்குக் கீழே உட்காரவைக்கத்தான் பார்த்தார்கள். அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சண்டை போட்டே ஸ்பேனரோடு ஷெட்டுக்குள் வந்தாள், சண்டை போட்டே பொறுப்புக்கும் வந்தாள். வீட்டில் மாமனார் இன்னும் விட்டபாடில்லை. தோப்பில் தேங்காய் போடும்போதெல்லாம், "அந்த வேலையத் தலையச் சுத்தி எறிஞ்சுபோட்டு ஊட்டோட இரு அம்மிணி" என்பார். இந்த வேலை போனால் மறுநாள் காலை அந்தத் தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் அது. காலையில் ஒரு சுற்றுப் பார்த்துவரலாம் என்று ஏணியில் ஏறி உச்சிக்குப் போனாள். வழக்கம்போலக் கியர்பாக்ஸின் மேல் புறங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. ஆயில் மட்டம் தெரிகிற கண்ணாடியைத் துணியால் துடைத்துக் குனிந்து பார்த்தாள். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் கருப்பட்டிக் காப்பியாக நின்றது.

போன வாரம் அவள் நாத்தனார் குழந்தையின் காதுகுத்துக்கு லீவில் இருந்தபோதுதான் இதற்கு ஆயில் மாற்ற வேண்டிய முறை. திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஃபிட்டர் சிவப்பிரகாஷிடம் கேட்டாள். மாத்தி வெச்சாச்சு என்றான். சரி என்று விட்டுவிட்டாள். இப்போது கீழே எட்டிப் பார்த்து அவனைக் கையசைத்து மேலே கூப்பிட்டாள்.

"ஏனுங்க சிவாண்ணா, இதுக்கு ஆயில் மாத்துனது யாரு?"

சிவப்பிரகாஷ் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். "நானு இல்லீங்க மேடம். அன்னிக்கு நான் அந்தப் பக்கத்து மிசின்ல இருந்தனுங்க. ஜோமோன் சார்தான் வந்து சொன்னாரு."

"சார் என்ன சொன்னாரு? அவர் சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

"எலிவேட்டர் ஆயில் மாற்றிவெச்சுன்னாருங்க. அதத்தானுங்க நானும் உங்ககிட்டச் சொன்னேன், மாத்தி வெச்சாச்சுன்னு."

கிருத்திகா தலையில் அடித்துக்கொண்டாள். மேனேஜர் ஜோமோன் தெற்கே தொடுபுழைக்காரர். அவர் மலையாளத்தில் மாற்றிவெச்சு என்றால், தள்ளிப் போட்டாயிற்று, அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். சிவப்பிரகாஷின் தமிழ்க் காதில் அது புது ஆயில் ஊற்றியாயிற்று என்று விழுந்துவிட்டது. பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையிலும் புழங்குகிறவன்தான். பஸ்ஸில், ரேஷன் கடையில், பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு நாளும் இடறியதில்லை. அதனால்தான் இதை நின்று யோசிக்கவும் தோன்றவில்லை. ஆக, ஆபீஸ் பக்கம் ஓணம் கழிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாக இருந்தது, ஷெட் பக்கம் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தது. நடுவில் இந்தக் கியர்பாக்ஸ் வெந்துகொண்டிருந்தது.

"கெரகம்" என்றாள் கிருத்திகா. அவனைச் சொன்னாளா, அவரைச் சொன்னாளா, போய்ப் பார்க்காமல் விட்ட தன்னையே சொல்லிக்கொண்டாளா என்று சிவப்பிரகாஷுக்குப் புரியவில்லை.

அப்போதுதான் அவள் கண் நேர் கீழே போனது. எலிவேட்டரின் காலடியில் ஒரு குழி. சிந்துகிற சோளம் அங்கேதான் சேரும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செல்லாத்தாள் உள்ளே இறங்கிக் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தாள். மெஷின் நின்றால்தான் குழிக்குள் இறங்க வேண்டும் என்பது சட்டம். எலிவேட்டர் நிற்பதே இல்லை என்பதால் ஓடும்போதே அவளை இறக்குவது வழக்கமாகிவிட்டது. இந்தச் சூட்டில் கியரின் பல் ஒன்று உடைந்தால் போதும், நிறைந்து நிற்கும் அத்தனை வாளியும் தன் பாரத்தில் பின்னோக்கி உருண்டு, பட்டையும் தகரமுமாக அந்தக் குழியில்தான் வந்து விழும்.

இறங்கி வந்தவள் யாரையும் கேட்கவில்லை. முதலில் செல்லாத்தாளை மேலே ஏறச் சொன்னாள். பிறகு சரக்குக் கொட்டும் வாயை அடைத்து, மேலே போன வாளிகளெல்லாம் காலியாகும்வரை ஓடவிட்டு, மெயின் சுவிட்சை இறக்கினாள். சுவிட்சின் கைப்பிடியில் சிவப்பு இரும்புக் கவ்வியை மாட்டினாள். பல பூட்டுகள் போடுவதற்கு வரிசையாகத் துளைகள் இருக்கும் கவ்வி அது. இரண்டு கொடுக்கும் விரிந்து மூடுவதால் அங்கே அதற்கு நண்டு என்று பெயர். நண்டில் தன் பூட்டை மாட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். போட்டவர்தான் திறக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. பக்கத்துச் சுவரில் இரண்டு பாஷையிலும் அதைப் பெரிதாக எழுதி மாட்டியிருந்தார்கள். சோதனைக்கு வரும் அதிகாரிகளைத் தவிர வேறு யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

எலிவேட்டர் நின்றதும் தொழிற்சாலையின் இரைச்சலில் பாதி அடங்கிவிட்டது. அந்த அமைதியே போய் ஜோமோனைக் கையோடு கூட்டி வந்துவிட்டது. அவர் புரொடக்ஷன் மேனேஜர். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓணம் லோடு தலைக்கு மேல் நின்றது, ஹெட் ஆபீஸ் காதுக்குள் நின்றது.

"யாரு நிறுத்தினது?"

"நான்தானுங்க சார். ஆயில் கருகிப் போச்சு. பல்லு போனா அடியில ஆள் இருக்குது."

"ஆயில் மாற்றிவெச்சு என்னு ஞான் அன்னே பறஞ்ஞதல்லே?"

"நீங்க பறஞ்சது தள்ளி வெச்சுன்னுங்க. இங்க கேட்டது மாத்தியாச்சுன்னு. அதுக்கு அப்பறமாச் சேர்ந்து சிரிச்சுக்கலாமுங்க. இப்ப மெசின் நிக்கோணும்."

ஜோமோன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாள் ஓடியது இந்த லோடு போகும்வரை ஓடாதா என்றார். ஓடலாம், ஓடாமலும் போகலாம், எது என்று சொல்ல கியர்பாக்ஸுக்கு வாய் கிடையாது என்றாள் கிருத்திகா. வெளியே வரிசையாக லாரி நிற்பது கண்ணில் படவில்லையா என்றார். குழிக்குள் செல்லாத்தாள் நின்றது உங்கள் கண்ணில் பட்டதுண்டா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"சாவி தா, கிருத்திகா."

"தர மாட்டேனுங்க."

"தரலென்னா நாளைக்கு நீ வேலைக்கு வரண்டா. பின்னே ஞான் பறஞ்ஞில்லா என்னு சொல்லண்டா."

மெஷின் நின்றதில் வந்து கூடியிருந்த மூட்டை தைக்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிருத்திகாவின் கண் முன்னால் ஒரு கணம் தோப்பும் மட்டையும் மாமனாரின் சிரிப்பும் வந்து போயின. பயம் வந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. பயத்தின் பின்னாலேயே கோபமும் வந்தது, வந்து பயத்தை ஓரமாகத் தள்ளிவிட்டது.

"நாளைக்கு வர்றதப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாமுங்க சார். இன்னிக்கு இந்தப் பூட்டு என்னோடது."

"சிவா" என்றார் ஜோமோன், அவளைப் பார்க்காமலே. "கட்டர் கொண்டுவா. பூட்டை அறுக்கணும்."

சிவப்பிரகாஷ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பிறகு டூல் ரூமுக்குள் போனான். கிருத்திகா பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் திரும்பி வந்தபோது கையில் கட்டர் இல்லை. தன் பூட்டை எடுத்து வந்திருந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் அதை நண்டின் அடுத்த துளையில் மாட்டி அழுத்தினான்.

"நானும் மேல ஏறி வேலை செய்யோணுமில்லீங்க சார்" என்றான்.

செல்லாத்தாள் இதுவரை கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்து கூட்டிப் பெருக்குகிறவள். மேனேஜர் பேசும்போது அவள் வாயைத் திறந்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

"ஏனம்மிணி," என்று கிருத்திகாவைக் கேட்டாள், "அந்தப் போர்டுல என்னத்தெ எழுதியிருக்குது?"

"மெசினுக்குள்ள எறங்கறவங்க அவங்கவங்க பூட்டப் போடோணும், போட்டவங்கதான் தெறக்கோணும்னு எழுதியிருக்குதுங்கக்கா."

"நெசமாலுமா? அப்பொ எல்லாருக்கும் மின்னால நானல்லொ போட்டிருக்கோணும். இத்தன நாளா எனக்கொரு பூட்டு யாராச்சும் குடுத்தீங்களா?"

செல்லாத்தாள் கூடையைக் கீழே வைத்தாள். பெண்கள் சோற்றுப்போசி வைக்கிற தகர அலமாரிக்குப் போய், தன் தட்டின் கதவில் தொங்கிய சின்னப் பித்தளைப் பூட்டைக் கழற்றி எடுத்து வந்தாள். நண்டில் மாட்டினாள். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு ஜோமோனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதையும் அறுத்துப்போடுங்க சார். அறுத்துப்போட்டு, நீங்களே குழிக்குள்ள எறங்கிக் கூட்டுங்க."

மூட்டை தைக்கிற பெண்களில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அவள்தான் அடுத்த பூட்டையும் கொண்டு வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் நண்டில் துளையே மிச்சமில்லை. சைக்கிள் பூட்டுகூட ஒன்று தொங்கியது. ஜோமோன் அந்தக் கொத்தைப் பார்த்தார், வாசலில் நிற்கும் லாரிகளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப்போய் நின்றார்.

"லோடு நாளத்தேக்கு மாற்றிவெச்சு சாரே" என்று அவர் ஹெட் ஆபீஸுக்குச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. சிவப்பிரகாஷ் ஒன்றும் புரியாதவன்போல முகத்தை வைத்துக்கொண்டு, "இப்ப மாத்துனாராங்க, தள்ளுனாராங்க?" என்று கிசுகிசுத்தான். கிருத்திகா அவன் விலாவில் இடித்தாள்.

கியர்பாக்ஸ் ஆறியதும் மேலே ஏறினார்கள். அடி மூடியைக் கழற்றினார்கள். அதிலிருக்கும் காந்தத்தில் இரும்புத் தூள் மயிர் மயிராக ஒட்டியிருந்தது. பழைய ஆயிலை வடித்து, உள்ளே கழுவி, பல் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். தேய்ந்திருந்தன, உடையவில்லை. புது ஆயில் கண்ணாடியில் தேன் நிறத்தில் ஏறியபோது கிருத்திகாவுக்கு உடம்பெல்லாம் லேசானது. ஜோமோனும் ஏறி வந்து பார்த்தார்.

"ஒந்நும் ஆயில்லல்லோ" என்றார். ஒன்றுமே ஆகவில்லையே என்று குற்றம் சொல்கிற குரல் அது.

"ஒண்ணும் ஆகாம இருக்கத்தானுங்க சார் எனக்குச் சம்பளம்."

கீழே வந்து அவரவர் பூட்டை அவரவர் எடுத்தார்கள். மூட்டை தைக்கிறவர்கள் எடுத்தார்கள், சிவப்பிரகாஷ் எடுத்தான், கிருத்திகாவும் எடுத்தாள். கடைசியில் ஒரே ஒரு பித்தளைப் பூட்டு நின்றது. செல்லாத்தாளைக் காணவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சோறு உண்டுகொண்டிருக்கிறாள் என்றார்கள். ஒருவன் ஓடிப்போய்க் கூப்பிட்டான். உண்டுபோட்டு வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள். மொத்தத் தொழிற்சாலையும் அவள் கை கழுவுகிறவரைக்கும் நின்றது. ஜோமோனும் நின்றார். சுவரிலிருந்த போர்டை அவர் முதல்முறையாக முழுவதும் படித்துக்கொண்டிருந்தார்.

செல்லாத்தாள் வாயைத் துடைத்துக்கொண்டே ஆடி அசைந்து வந்தாள். சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தாள்.

கிருத்திகாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மனதில் போட்டுக் குடைந்துகொண்டு வீட்டுக்குப் போக அவள் தயாராக இல்லை. "சார்," என்றாள், "நாளைக்கு வரண்டான்னீங்களே, நான் வரோணுமா, வேண்டாமுங்களா?"

ஜோமோன் போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அது மாற்றிவெச்சு."

"எந்த பாஷையிலங்க சார்?"

அவர் திரும்பினார். நுழைத்த சாவியைச் செல்லாத்தாள் திருப்பாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மிணி கேக்குதில்லீங்களா, பதிலச் சொல்லுங்க சார்" என்றாள். "அப்பறந் தெறக்கறேன்."

வெளியே ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஜோமோன் பூட்டைப் பார்த்தார், செல்லாத்தாளைப் பார்த்தார், கடைசியில் கிருத்திகாவைப் பார்த்தார்.

"தமிழ்" என்றார்.

செல்லாத்தாள் சாவியைத் திருப்பினாள்.